கிழக்குக் கடற்படை கமாண்டின் தலைவர் கப்பலில் இருப்பாரா, கரையில் இருப்பாரா?

நாஞ்சில்_பையன் கேட்டது:

டாக்கா சரணடைவுப் படத்தை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். 1971 டிசம்பர் 16, பாகிஸ்தான் ஜெனரல் நியாஸி கையெழுத்துப் போடுகிறார், பக்கத்தில் இந்திய ஜெனரல் அரோரா உட்கார்ந்திருக்கிறார். பின்னால் நிற்கும் அதிகாரிகளில் ஒருவர் வைஸ் அட்மிரல் நீலகண்ட கிருஷ்ணன், நாகர்கோவிலில் பிறந்தவர். எங்கள் ஊர்க்காரர் என்பதால் அவரைப் பற்றித் தேட ஆரம்பித்தேன், தேடத் தேடக் குழப்பம்தான் மிச்சம்.

அவருடைய பதவியின் பெயர் "ஃப்ளாக் ஆபீசர் கமாண்டிங்-இன்-சீஃப், ஈஸ்டர்ன் நேவல் கமாண்ட்" என்று இருக்கிறது. அதே போரில் "ஃப்ளாக் ஆபீசர் கமாண்டிங் ஈஸ்டர்ன் ஃப்ளீட்" என்று வேறொரு அட்மிரல் இருக்கிறார். இருவருக்கும் மேலே டெல்லியில் கடற்படைத் தளபதி நந்தா. அப்படியானால் சண்டையை நடத்தியது யார்? கிருஷ்ணன் கப்பலில் போனாரா, இல்லை விசாகப்பட்டினத்தில் உட்கார்ந்து போனில் பேசினாரா? இந்தப் பதவி எப்போது வந்தது, இன்றைக்கு அதில் இருப்பவருக்கு என்ன வேலை, சென்னை இவருக்குக் கீழே வருமா, இதெல்லாம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். செய்தித்தாள்களில் மூன்று பேரையும் "கடற்படைத் தளபதி" என்றே எழுதிவிடுகிறார்கள், தலை சுற்றுகிறது.

---

கரைசேர்ந்த மாலுமி:

தம்பி, நான் கடற்படையில் மாலுமியாக இருந்து ஓய்வு பெற்றவன், அதிக காலம் விசாகப்பட்டினத்தில்தான். அதிகாரி இல்லை, அதனால் கீழிருந்து பார்த்ததைச் சொல்கிறேன்.

உள்ளே யாரும் அந்த நீளப் பெயரைச் சொல்ல மாட்டார்கள், "சி-இன்-சி" அவ்வளவுதான். அவர் கரையில் இருப்பவர். கப்பல்களைக் கடலுக்கு அழைத்துப்போய் ஃபார்மேஷனில் ஓட்டி, பயிற்சி செய்ய வைத்து, சண்டை வந்தால் அங்கேயே நின்று நடத்துகிறவர் ஃப்ளீட் கமாண்டர், அதாவது போர்க்கப்பல் அணியின் தலைவர். அவர் ரியர் அட்மிரல், இரண்டு நட்சத்திரம். சி-இன்-சி வைஸ் அட்மிரல், மூன்று நட்சத்திரம், ஃப்ளீட் கமாண்டர் அவருக்குக் கீழே. டெல்லியில் இருப்பவர் அட்மிரல், நான்கு நட்சத்திரம். காரில் முன்னால் நீலத் தகட்டில் நட்சத்திரம் இருக்கும் பாருங்கள், அதை எண்ணினாலே யார் வருகிறார் என்று கேட்டில் நிற்கிற பையனுக்குத் தெரிந்துவிடும்.

கப்பல் கடலுக்குப் போனபின் தெரிவது ஃப்ளீட் கமாண்டரின் வேலை. அது போவதற்கு முன்னால் நடக்க வேண்டியது எல்லாமே சி-இன்-சி தலையில்தான். டாக்யார்டில், அதாவது கப்பல் பழுதுபார்க்கும் தளத்தில், ஒரு கப்பல் ரீஃபிட்டுக்கு (பெரிய பராமரிப்பு வேலைக்கு) வந்து மாதக்கணக்கில் நிற்கிறது, உதிரிபாகம் வரவில்லை, அந்தக் கப்பலை நம்பி வேறொரு பயிற்சித் திட்டம் போட்டிருக்கிறார்கள். எதைத் தள்ளிப்போடுவது என்று முடிவெடுக்கிறவர் அவர். டேகா விமானத்தளம், ஆயுதக் கிடங்குகள், கல்யாணி ஆஸ்பத்திரி, குடும்பக் குவார்ட்டர்ஸ், துறைமுகத்தைக் காக்கும் சிறு படகுகள், ஒரு விபத்து நடந்தால் போர்டு ஆஃப் இன்கொயரி, மேற்கு வங்கத்திலிருந்து தமிழ்நாடு வரை ஒவ்வொரு மாநில அரசோடும் பேச்சுவார்த்தை, எல்லாம் அந்த ஒரே மேஜைக்குத்தான் போய்ச் சேரும். இதற்கெல்லாம் அவருக்குக் கீழே ஒரு சீஃப் ஆஃப் ஸ்டாஃப், டாக்யார்டுக்குத் தனியாக ஓர் அட்மிரல் சூப்பரின்டென்டென்ட் என்று பெரிய பட்டாளமே உண்டு.

அவர் இன்ஸ்பெக்ஷனுக்கு வருகிறார் என்றால் எங்களுக்கு ஒரு வாரம் தூக்கம் போகும். பெயின்ட் அடிக்காத இடம் இருக்காது. ஆனால் ஒரு சி-இன்-சி மேல்தளத்தை ஏறிட்டும் பார்க்காமல் நேரே கீழே இறங்கி, என்ஜின் ரூமில் தீயணைப்பு ஹோஸைப் பிரித்துக் காட்டச் சொன்னார், அதன் வாய் இறுகிப் போய்க் கழற்றவே வரவில்லை. அன்றைக்கு எங்கள் சீஃப் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

2008 நவம்பர் 26 மும்பைத் தாக்குதலுக்குப் பிறகு இன்னொரு பொறுப்பும் சேர்ந்தது. 2009-இல் கடலோரப் பாதுகாப்பு முழுவதற்கும் கடற்படையே பொறுப்பு என்று அரசு முடிவு செய்தது. அதிலிருந்து ஒவ்வொரு சி-இன்-சியும் தன் பகுதிக்கு கரையோரப் பாதுகாப்பின் தலைவரும்கூட. கோஸ்ட் கார்டு, மரைன் போலீஸ், மீன்வளத் துறை, துறைமுகம் எல்லோரிடமிருந்தும் வரும் தகவல் விசாகப்பட்டினத்தில் இருக்கும் கூட்டுச் செயல்பாட்டு மையத்தில் ஒன்று சேர வேண்டும். சொல்வதற்குச் சுலபம். ஒவ்வொரு துறைக்கும் தனித்தனி அமைச்சகம், தனித்தனி ஈகோ.

---

பழைய_பேப்பர்:

மேலே சொன்னது நடைமுறை. எப்படி வந்தது என்பதை நான் சொல்கிறேன், கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வெள்ளைக்காரன் காலத்தில் வங்காள விரிகுடாவுக்கு என்று இந்தியக் கடற்படையில் பெரிய பதவி எதுவும் தேவைப்படவில்லை. ஏனென்றால் பிரிட்டிஷ் ராயல் நேவியின் "ஈஸ்ட் இண்டீஸ் ஸ்டேஷன்" தலைவர் திருகோணமலையில் இருந்தார், இந்துமாக்கடல் அவர் பொறுப்பு. இந்தியக் கடற்படை அப்போது பம்பாயைச் சுற்றி இருந்த சின்னப் படை. கிழக்குக் கரை எவ்வளவு திறந்து கிடந்தது என்பது 1942 ஏப்ரலில் தெரிந்தது. ஏப்ரல் 5-இல் ஜப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின, 6-இல் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு போட்டன, 9-இல் திருகோணமலை. மட்டக்களப்புக்கு அருகே ஹெர்மிஸ் என்ற பிரிட்டிஷ் விமானந்தாங்கியே மூழ்கியது. சென்னையை விட்டு மக்கள் கூட்டங்கூட்டமாக ஓடியது அந்த மாதம்தான்.

சுதந்திரத்துக்குப் பிறகும் கதை உடனே மாறவில்லை. கடற்படையின் தலைமையில் 1958 வரை ஆங்கிலேயர்களே இருந்தார்கள்: ஹால், பாரி, பைஸி, கார்லில் என்று வரிசையாக. முதலில் அந்தப் பதவிக்கே "கமாண்டர்-இன்-சீஃப்" என்றுதான் பெயர். 1955-இல் பாராளுமன்றம் சட்டம் போட்டு முப்படைத் தலைவர்களின் அந்தப் பட்டத்தை எடுத்துவிட்டு "சீஃப் ஆஃப் ஸ்டாஃப்" ஆக்கியது. 1958 ஏப்ரல் 22-இல்தான் முதல் இந்தியர் வந்தார், ராம் தாஸ் கட்டாரி. பிறந்தது செங்கல்பட்டில்! நம் பள்ளிப் புத்தகங்களில் இவர் பெயரைத் தேடினால் கிடைக்காது. டஃப்ரின் பயிற்சிக் கப்பலின் முதல் கேடட்டுகளில் ஒருவர், ஹூக்ளி நதியில் சர்வே வேலை பார்த்தவர், இரண்டாம் உலகப்போரில் வாலன்டியர் ரிசர்வ் வழியாகக் கடற்படைக்குள் வந்தவர். அப்படி வந்தவர் உச்சிக்கே போனது எனக்கு இன்றும் ஆச்சரியம்தான்.

1957-இல் பிரிட்டன் திருகோணமலைத் தளத்தை இலங்கையிடம் ஒப்படைத்தது, அடுத்த வருடமே ஈஸ்ட் இண்டீஸ் ஸ்டேஷன் மூடப்பட்டது. அதற்கப்புறம் இந்தக் கடலுக்கு யார் பொறுப்பு? பத்து வருடம் இந்தியாவிடம் சரியான பதில் இல்லை. ஒரே ஃப்ளீட், அதுவும் பம்பாயில். கிழக்கில் கொமடோர் தரத்தில் ஓர் அதிகாரி இருந்தார், கையில் கப்பல்தான் இல்லை. 1965 போரின்போது இந்தோனேசியா பாகிஸ்தான் பக்கம் சாய்ந்து நின்றதும், நிக்கோபார் பக்கம் என்ன நடக்கும் என்று டெல்லிக்கு வயிற்றைக் கலக்கியது. அதோடு சோவியத் கப்பல்களும் நீர்மூழ்கிகளும் வர ஆரம்பித்தன, முதல் நீர்மூழ்கியான கல்வரி 1967 டிசம்பர் 8-இல் படையில் சேர்ந்தது. அவற்றை நிறுத்தவும் பழுது பார்க்கவும் பம்பாயில் இடமில்லை, விசாகப்பட்டினத்தைப் பெரிதாக்கியே ஆக வேண்டிய கட்டாயம்.

1968 மார்ச் 1 அன்று எல்லாம் ஒன்றாக நடந்தது. கடற்படைத் தளபதி பதவி முழு அட்மிரல் தரத்துக்கு உயர்ந்தது, சாட்டர்ஜி முதல் நான்கு நட்சத்திர அட்மிரல் ஆனார். மேற்கிலும் கிழக்கிலும் கமாண்டுகள் உருவாயின. ஆனால் கிழக்குக்கு ஃப்ளீட் கிடைத்தது எப்போது தெரியுமா? 1971 நவம்பர் 1. போர் டிசம்பர் 3-இல் தொடங்கியது, ஒரு மாதம்தான் இடைவெளி. இந்தத் தேதியை மனதில் வைத்துக்கொண்டு கிருஷ்ணனின் கதையைப் படித்தால்தான் அவர் செய்தது என்னவென்று புரியும்.

---

நாஞ்சில்_பையன்:

இதுவரை சொன்னதே பெரிய விஷயம், நன்றி. அப்படியானால் 1971-இல் கிருஷ்ணன் கடலுக்கே போகவில்லையா? விமானந்தாங்கிக் கப்பல் விக்ராந்தை ஒளித்து வைத்தது அவர்தான் என்கிறார்களே, அதை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்லுங்கள்.

---

பழைய_பேப்பர்:

போகவில்லை. கடலில் இருந்தவர் ஃப்ளீட் கமாண்டர் ரியர் அட்மிரல் சர்மா. கிருஷ்ணன் விசாகப்பட்டினத்தில் இருந்துகொண்டுதான் எல்லாவற்றையும் நகர்த்தினார், அந்தப் பதவியின் அர்த்தமே அதுதான்.

நிலைமையைப் பாருங்கள். கையில் இருக்கும் ஒரே பெரிய ஆயுதம் விக்ராந்த். அதன் கொதிகலன் ஒன்றில் விரிசல், முழு வேகத்தில் ஓட முடியாது. வேகம் குறைந்த விமானந்தாங்கி நீர்மூழ்கிக்கு லட்டு மாதிரி. பாகிஸ்தானிடம் அவ்வளவு தூரம் வரக்கூடியதாக இருந்த நீர்மூழ்கி ஒன்றே ஒன்று, காஸி. அமெரிக்காவின் பழைய டயாப்லோ. அது நவம்பர் 14 அன்று கராச்சியிலிருந்து கிளம்பிவிட்டது, இலக்கு விக்ராந்த்.

கிருஷ்ணன் விக்ராந்தையும் துணைக் கப்பல்களையும் அந்தமானின் வடக்கே போர்ட் கார்ன்வாலிஸ் என்ற ஆளரவமற்ற விரிகுடாவுக்கு அனுப்பினார். அப்புறம் விசாகப்பட்டினத்தில் ஒரு நாடகம். ராஜ்புத் என்ற பழைய டெஸ்ட்ராயரை, படையிலிருந்து ஓய்வு பெறப்போகும் கிழட்டுக் கப்பலை, விக்ராந்தாக நடிக்க வைத்தார். அது ஏகப்பட்ட ரேடியோ செய்திகளை அனுப்பியது. பெரிய கப்பல் ஒன்று பக்கத்தில் இருந்தால் எவ்வளவு தகவல் போக்குவரத்து இருக்குமோ அவ்வளவும். அதில் ஒரு மாலுமி தன் அம்மாவின் உடல்நிலை எப்படி இருக்கிறது என்று கேட்கும் தந்தியும் உண்டு, சங்கேதக் குறியீடு எதுவும் இல்லாமல், யார் வேண்டுமானாலும் கேட்கட்டும் என்று. ஊருக்குள் கப்பலுக்கென்று மொத்தமாக இறைச்சியும் காய்கறியும் ஆர்டர் போட்டார்கள். ஒற்றர்கள் சந்தையில் காது வைத்திருப்பார்கள் என்ற கணக்கு. இதெல்லாம் கிருஷ்ணனே பிற்பாடு சொன்னவை.

டிசம்பர் 3 நள்ளிரவை ஒட்டி ராஜ்புத் துறைமுகத்தை விட்டு வெளியே வந்தது. வெளியே வந்ததும் ஏதோ தென்பட, நீர்மூழ்கியைத் தாக்கும் ஆழ்வெடிகளைப் போட்டது. சற்று நேரத்தில் கரையில் ஜன்னல்கள் அதிர்கிற அளவு வெடிச்சத்தம். காஸி தொண்ணூற்றுக்கும் மேற்பட்ட ஆட்களோடு அடியில் போய்விட்டது, ஒருவரும் பிழைக்கவில்லை. டிசம்பர் 4 காலை விக்ராந்தின் ஸீ ஹாக் விமானங்கள் காக்ஸ் பஜாரிலும் பிறகு சிட்டகாங்கிலும் இறங்கி அடித்தன. அன்றிலிருந்து கிழக்கு பாகிஸ்தானுக்குக் கடல் வழி அடைபட்டது.

இதில் நந்தாவின் பங்கு என்ன என்றால், கிழக்கு, மேற்கு இரண்டு கமாண்டுக்கும் எந்தக் கப்பல் எவ்வளவு, எந்த எல்லை வரை போகலாம், அரசு எதற்கு ஒப்புக்கொள்ளும் என்பதெல்லாம். அதே இரவுகளில் மேற்கே வைஸ் அட்மிரல் கோலியின் கமாண்டு கராச்சியைத் தாக்கிக்கொண்டிருந்தது. விக்ராந்தை எங்கே ஒளிப்பது, ராஜ்புத் எத்தனை செய்தி அனுப்ப வேண்டும் என்பதையெல்லாம் டெல்லியில் உட்கார்ந்து செய்ய முடியாது. அதற்குத்தான் நடுவில் ஒரு சி-இன்-சி.

---

எதிர்க்காற்று:

கொஞ்சம் பொறுங்கள், கிருஷ்ணனைக் கோவில் கட்டிக் கும்பிடுவதற்கு முன். காஸி எப்படி மூழ்கியது என்பது இன்றுவரை தகராறுதான். ராஜ்புத்தின் ஆழ்வெடியால் என்பது இந்தியத் தரப்பு. உள்ளே ஏற்பட்ட வெடிப்பு, அல்லது தானே விதைத்த கண்ணிவெடியில் மோதியது என்பது பாகிஸ்தான் தரப்பு. அது போகட்டும், அப்போது ராணுவத்தின் கிழக்குக் கமாண்டில் சீஃப் ஆஃப் ஸ்டாஃபாக இருந்த நம் ஜெனரல் ஜேக்கப்பே என்ன எழுதினார்? டிசம்பர் 3 காலையிலேயே, அதாவது ராஜ்புத் வெளியே போவதற்கு முன்பே, நீர்மூழ்கியின் சிதைவுகள் மீனவர்களுக்குக் கிடைத்ததாகக் கிருஷ்ணன் தன்னிடம் போனில் சொன்னார் என்று. டாக்காவில் அந்தப் படத்தில் பக்கத்தில் நின்றவர்களில் ஒருவர் சொல்வது இது.

அதே கமாண்டு நடத்திய காக்ஸ் பஜார் தரையிறக்கத்தையும் பேச வேண்டும். போர் முடியும் தறுவாயில் கூர்க்கா வீரர்களைக் கடற்கரையில் இறக்கப் போனார்கள். கரையின் சரிவைச் சரியாகப் பார்க்கவில்லை, முழு மூட்டையோடு இறங்கியவர்கள் ஆழத்தில் இறங்கி, சிலர் மூழ்கியே இறந்தார்கள். எதிரி அங்கே எதிர்க்கக்கூட இல்லை. விக்ராந்த் கதையை எல்லோரும் சொல்கிறார்கள், இதைச் சொல்வதில்லை.

---

பழைய_பேப்பர்:

எதிர்க்காற்று சொல்வது நியாயம், காக்ஸ் பஜார் அந்தக் கமாண்டின் கணக்கில்தான் எழுதப்பட வேண்டும். காஸி விஷயத்தில் ஒன்று மட்டும் சேர்த்துக்கொள்கிறேன். யார் மூழ்கடித்தார் என்பது வேறு கேள்வி, அது ஏன் விசாகப்பட்டின வாசலில் வந்து கிடந்தது என்பது வேறு கேள்வி. விக்ராந்தை அந்தமானில் தேட வேண்டிய நீர்மூழ்கி ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இங்கே காத்துக்கொண்டிருந்தது. ஏமாற்று வேலை பலித்தது என்பதை மறுக்க எந்தத் தரப்புக்கும் வழியில்லை என்பது என் கருத்து.

---

கரைசேர்ந்த மாலுமி:

சண்டையை நீங்கள் இருவரும் பார்த்துக்கொள்ளுங்கள். தம்பி கேட்ட சென்னைக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.

சென்னை, புதுச்சேரி எல்லாம் கிழக்குக் கமாண்டின் கீழ்தான். சென்னையில் தமிழ்நாடு - புதுச்சேரி கடற்படைப் பகுதிக்கென்று ஓர் அதிகாரி இருக்கிறார், அவர் விசாகப்பட்டினத்துக்குப் பதில் சொல்கிறவர். அரக்கோணம் ராஜாளி விமானத்தளம், ராமநாதபுரம் உச்சிப்புளியில் பருந்து, திருநெல்வேலி விஜயநாராயணத்தில் கட்டபொம்மன் ஆகியவையும் அதே கமாண்டு. கட்டபொம்மனில் இருக்கும் உயரமான கோபுரங்கள் கடலுக்கு அடியில் இருக்கும் நீர்மூழ்கிகளுக்குச் செய்தி அனுப்புவதற்கு. கடலே தெரியாத பொட்டல் காட்டில் ஒரு கடற்படைத் தளம், அந்தப் பக்கம் போகிறவர்கள் குழம்புவார்கள்.

ஆனால் கோயம்புத்தூர் அக்ரணி கிழக்கு இல்லை, கொச்சியில் இருக்கும் தெற்குக் கமாண்டு. அது பயிற்சிக்கான கமாண்டு, அதனால் பயிற்சித் தளம் எங்கே இருந்தாலும் பெரும்பாலும் அவர்களிடம் போய்விடும். நான் பயிற்சி எடுத்த சில்கா ஒடிசாவில் இருக்கிறது, விசாகப்பட்டினத்திலிருந்து ரயிலில் ஒரு ராத்திரிகூட ஆகாது, அதுவும் கொச்சிக்குத்தான் சேரும். அந்தமான் 2001-லிருந்து முப்படையும் சேர்ந்த தனிக் கமாண்டு, அங்கே போகும் கப்பல்கள் இங்கிருந்து போனாலும் அதற்குத் தனித் தலைவர்.

இன்னொன்று, அரிஹந்த் மாதிரி அணு நீர்மூழ்கிகள் கட்டப்பட்டது விசாகப்பட்டினத்தில்தான். அதனால் அதில் இருக்கும் ஏவுகணைக்கும் இந்த சி-இன்-சிதான் பொத்தான் அமுக்குவார் என்று சிலர் நினைக்கிறார்கள். இல்லை. அது 2003-இல் அமைத்த ஸ்ட்ராடஜிக் ஃபோர்சஸ் கமாண்டின் விஷயம், உத்தரவு பிரதமர் தலைமையிலான அமைப்பிலிருந்து வர வேண்டும். தன் வாசலில் நிற்கிற கப்பலின் முக்கியமான ஆயுதம் தன் கையில் இல்லாத ஒரு தலைவர், யோசித்துப் பார்த்தால் வேடிக்கைதான்.

பொறுப்பு எப்படி மேலே போகும் என்பதற்கு 2014 பிப்ரவரி 26-ஐப் பாருங்கள். சிந்துரத்னா நீர்மூழ்கியில் புகை சூழ்ந்து இரண்டு அதிகாரிகள் இறந்தார்கள். அது மும்பை, மேற்குக் கமாண்டின் படகு. அன்றைக்கே ராஜினாமா செய்தது டெல்லியில் இருந்த கடற்படைத் தளபதி ஜோஷி.

---

நாஞ்சில்_பையன்:

தெளிவாகிவிட்டது. கடைசியாக ஒன்றே ஒன்று, இந்தப் பதவியில் ஒருவர் எவ்வளவு காலம் இருப்பார்? நிலையான காலம் உண்டா?

---

கரைசேர்ந்த மாலுமி:

டெல்லியில் இருப்பவருக்கு மூன்று வருடம் அல்லது 62 வயது, எது முதலில் வருகிறதோ அது. வைஸ் அட்மிரல்களுக்கு 60 வயதோடு சரி. சி-இன்-சி ஆகும்போதே 58 ஆகியிருக்கும், அதனால் பெரும்பாலும் ஒன்றரை, இரண்டு வருடம். ஒருவர் போட்ட திட்டம் முடிவதற்குள் அடுத்தவர் வந்து நிற்பார். டாக்யார்டில் இருப்பவர்களைக் கேட்டால் இதைப் பற்றி இன்னும் நிறையச் சொல்வார்கள்.